இரண்டு கையும் மாவுக்கட்டில் இருந்தால் தசைத் தளர்வை எங்கே பார்ப்பது?

தேரிமணல்:

எல்லோருக்கும் வணக்கம். திசையன்விளை, உவரிப் பக்கம் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மயக்க மருந்து கொடுக்கிறேன். படிப்பு முடித்து மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பதநீர் சீசன். நாற்பது வயது தாண்டிய பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். இரண்டு மணிக்கட்டும் முறிவு, இரண்டு கையிலும் மாவுக்கட்டு. மறுநாள் சாயங்காலம் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது, சிறுகுடலில் ஓட்டை. ராத்திரியே வயிற்றைத் திறந்தோம். என்னிடம் இருப்பது சாதாரண நெர்வ் ஸ்டிமுலேட்டர் (நரம்பில் சின்னக் கரண்ட் கொடுத்துத் தசை எப்படித் துடிக்கிறது என்று பார்க்கும் கருவி), அளவு காட்டாது, துடிப்பைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வழக்கமாக மணிக்கட்டில் அல்நார் நரம்பின் மேல் ஒட்டிக் கட்டைவிரலைப் பார்ப்பேன். அன்றைக்குக் கை இரண்டும் கட்டில் இருந்ததால் நெற்றிப்பொட்டில் ஒட்டிப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே தசைத் தளர்வு மருந்தான வெக்குரோனியம் கொடுத்து வந்தேன். முடியும்போது ட்ரெயின் ஆஃப் ஃபோர் (அடுத்தடுத்து நாலு தூண்டல்) போட்டால் நாலு துடிப்பும் ஒரே மாதிரி தெரிந்தன. தளர்வை முறிக்க நியோஸ்டிக்மினும், அதன் பக்கவிளைவை அடக்கக் கிளைக்கோபைரோலேட்டும் போட்டேன், நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது, மூச்சுக்குழலில் போட்டிருந்த ட்யூபை எடுத்துவிட்டேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தாடை தொங்கிவிட்டது, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிகிறது, ஆக்ஸிஜன் அளவு 86க்கு வந்துவிட்டது. தாடையைத் தூக்கிப் பிடித்து மாஸ்க்கில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அழற்சி பிடித்த வயிறு, எந்த நேரமும் வாந்தி வரலாம் என்று பயந்து, தூக்க மருந்து கொஞ்சம் கொடுத்துத் திரும்ப ட்யூப் போட்டேன். காலையில் எடுத்தோம், நுரையீரலுக்குள் எதுவும் போகவில்லை. ஆனால் அவர் பிறகு என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை: "காது நல்லா கேட்டுது டாக்டரய்யா, ஆனா வாயி எழும்பல. எச்சி தொண்டையில நிக்கி, முழுங்க முடியல. யாரோ நெஞ்சுமேல ஏறி உக்காந்தாப்ல இருந்துச்சு."

அடுத்த வாரம் அவருக்கு இரண்டு மணிக்கட்டிலும் பிளேட் வைக்க வேண்டும். எலும்பு டாக்டர் ஒரே நேரத்தில் இரண்டையும் முடிக்க நினைக்கிறார். அப்படியானால் இரண்டு கையும் அறுவை நடக்கும் இடம், தொடவே முடியாது. என் கேள்வி இரண்டு. அன்றைக்குப் புருவம் ஏன் அப்படிக் காட்டியது? இந்தத் தடவை நான் எங்கே ஒட்டுவது?

கடனாநதி:

தம்பி, தாமதிக்காமல் திரும்ப ட்யூப் போட்டீர்களே, அந்த மனிதர் பிழைத்தது அதனால்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தசைகள் எல்லாம் ஒன்றாகத் தளர்வதில்லை, ஒன்றாக எழுவதும் இல்லை. உதரவிதானம் முரட்டுத் தசை. கட்டைவிரலைத் தளர்த்தும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மருந்து கொடுத்தால்தான் அதே அளவு அடங்கும், எழும்போதும் முந்திக்கொண்டு எழும். குரல்நாணை மூடும் தசைகளும் அந்த வகைதான். புருவத்தைச் சுருக்கும் கோருகேட்டர் சூப்பர்சிலியை என்ற சின்னத் தசையும் இதே கூட்டத்தில் சேர்ந்தது. தொண்டைத் தசைகளும் நாக்கைத் தாங்கும் தசைகளும் இதற்கு நேர் எதிர், கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தாலும் தடுமாறும். அன்றைக்கு நெஞ்சு ஏறி இறங்கியது உதரவிதானம் எழுந்துவிட்டதால். புருவமும் அதே சேதியைத்தான் சொல்லியிருக்கிறது. தொண்டை எழுந்ததா என்று அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

அது போக இன்னும் இரண்டு சங்கதி உண்டு. முகத்தில் எலெக்ட்ரோடு ஒட்டும் இடமும் துடிக்கும் தசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கரண்டைக் கூட்டினால் நரம்பு வழியாகப் போகாமல் தசையையே நேராகத் துள்ள வைத்துவிடும். தளர்வு மருந்து வேலை செய்வது நரம்பும் தசையும் சேரும் இடத்தில், அதைத் தாண்டிப் போய்த் தசையைத் தட்டினால் மருந்து எவ்வளவு இருந்தாலும் துடிக்கத்தான் செய்யும். முகத்தில் 20 முதல் 30 மில்லி ஆம்பியரே போதும், மணிக்கட்டுக்கு வைக்கிற 50, 60ஐ அங்கே வைக்கக் கூடாது. அன்றைக்கு எவ்வளவு வைத்தீர்கள்?

மற்றது நம் கண். முதல் துடிப்போடு நாலாவதை ஒப்பிட்டு வரும் விகிதம் 0.9ஐத் தொட்டால்தான் ட்யூபை எடுக்கலாம் என்கிறோம். ஆனால் விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டாலே கண்ணுக்கும் விரலுக்கும் நாலும் சமமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். கட்டைவிரலிலேயே இப்படி என்றால் புருவத்தில் சொல்லவே வேண்டாம்.

இது உங்கள் ஒருவருக்கு நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2012இல் வந்த ஓர் ஆய்வில், அறுவை முடிந்து ரெக்கவரி அறைக்கு வந்து சேர்ந்தபோது விகிதம் 0.9க்குக் கீழே இருந்தவர்கள் கட்டைவிரலைப் பார்த்த கூட்டத்தில் 22 விழுக்காடு, கண்ணைச் சுற்றிய தசையைப் பார்த்த கூட்டத்தில் 52 விழுக்காடு. 2023இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியில் கண் தசைகளை வைத்துக் கண்காணிக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள்.

அதற்காகப் புருவத்தை ஒதுக்கியும் விடாதீர்கள். ட்யூப் போடக் குரல்வளை தயாரா என்று பார்க்கவும், லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகச் செய்யும் வயிற்று அறுவை) நடுவில் உதரவிதானம் எக்கிவிடுமோ என்று சந்தேகம் வரும்போதும் கட்டைவிரலைவிட அதுதான் நன்றாகச் சொல்லும்.

தேரிமணல்:

50 வைத்திருந்தேன் அண்ணாச்சி. மணிக்கட்டுக்கு வைத்துப் பழகியதை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது புரிகிறது.

பாளையங்கால்:

கடனாநதி சொன்னதற்கு மேல் புருவத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் காலுக்கு வருகிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 28 வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், காலில் பார்க்கலாம் என்பதை நானே ரொம்பத் தாமதமாகத்தான் பழகிக்கொண்டேன்.

உள்கணுக்கால் எலும்பு புடைத்திருக்கிறதே, அதற்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி துடிப்பது தெரியும். அதை ஒட்டியே போஸ்டீரியர் டிபியல் நரம்பு போகிறது. கறுப்பு எலெக்ட்ரோடை அந்தக் குழியில் ஒட்டுங்கள், சிவப்பை அதே கோட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே. கரண்ட் சரியாகப் போனால் காலின் பெருவிரல் பாதத்தின் அடிப்பக்கமாக மடங்கும், ஃப்ளெக்சர் ஹாலூசிஸ் பிரெவிஸ் தசை அது. வெளிப்பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒட்டினால் பாதம் மேலே தூக்கும், அது வேறு நரம்பு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பெருவிரலின் போக்கு முழுக்கக் கைக்கட்டைவிரல் மாதிரியே இருக்காது, தளர ஆரம்பிப்பதில் கொஞ்சம் பிந்தும். ஆனால் எழும்போது ஏறக்குறைய கூடவே வரும். ட்யூபை எடுக்கலாமா என்று முடிவெடுக்க, கை கிடைக்காத இடத்தில் நான் நம்புவது இதைத்தான்.

ஆனால் உங்கள் ஆள் பனையிலிருந்து விழுந்தவர். முதுகெலும்பு பார்த்தீர்களா? கால் இரண்டிலும் பலம் சரியாக இருக்கிறதா? தண்டுவடத்தில் அடிபட்டுச் சில நாள் ஆன காலிலோ, பக்கவாதம் வந்த பக்கத்திலோ, தசை முழுக்கப் புது ரிசெப்டர்கள் (நரம்பின் சேதியை வாங்கும் இடங்கள்) முளைத்துவிடும். தளர்வு மருந்து அங்கே சரியாகப் பிடிக்காது. மற்ற தசையெல்லாம் கிடக்கும்போது அந்தக் கால் மட்டும் நன்றாகத் துள்ளும், நீங்களும் அன்றைக்கு மாதிரியே ஏமாறுவீர்கள். அந்த நிலையில் சக்ஸமெத்தோனியம் என்ற வேகமான தளர்வு மருந்தும் கொடுக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

அடுத்தது தோல். பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி ஏறுகிறவர்கள், பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும் தோல் காய்த்துப்போய் இருக்கும். அதன் மேல் ஒட்டினால் கரண்ட் சரியாக இறங்காது, துடிப்பு குறைவாகத் தெரியும், தளர்வு அதிகம் என்று தப்பாக நினைப்போம். வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடைத்து, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். காய்ப்பு ரொம்பக் கெட்டியாக இருந்தால் அதற்கு மேலே மெல்லிய தோல் உள்ள இடத்துக்கு நகருங்கள்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய தொழுநோய்க்காரர்கள் இன்னமும் வருகிறார்கள், மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். தொழுநோய் பிடிக்கிற நரம்புகளைப் பாருங்கள்: முழங்கையில் அல்நார், கணுக்காலில் போஸ்டீரியர் டிபியல், முகத்தில் ஃபேஷியல். நாம் ஸ்டிமுலேட்டர் வைத்துத் தூண்டும் மூன்று நரம்பும் அவையேதான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி இருக்கிறதா, பாதத்தில் புண் இருக்கிறதா, கண்ணை இறுக்க மூட முடிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுவேன். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தையும் அப்படியே.

இதெல்லாம் நினைவில் நிற்காவிட்டால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஆளைத் தூங்க வைத்ததும், தளர்வு மருந்து போடுவதற்கு முன்னால், ஒரு தடவை ஸ்டிமுலேட்டரைப் போட்டு அந்த விரல் எப்படி மடங்குகிறது என்று பாருங்கள். கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இனிமேல் துடிப்பு பெரிதாகவில்லை என்ற இடத்தைத் தாண்டிச் சற்று மேலே வையுங்கள். மருந்துக்கு முன்னால் நாலும் சமமாகத் துடித்தால்தான் அந்த இடத்தைக் கடைசியில் நம்பலாம். பத்து விநாடி வேலை. வயிற்று அவசரத்தில்கூட ட்யூப் சாமான்களை எடுத்து வைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

குறுக்குத்துறை:

ஒரு சின்னச் சந்தேகம். மாவுக்கட்டு முழங்கைக்குக் கீழேதானே, கட்டைவிரல் வெளியே இருக்குமே? முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பைத் தூண்டினால் கட்டைவிரலையே பார்த்திருக்கலாம் இல்லையா? நான் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

பாளையங்கால்:

செய்யலாம், முறிவு இல்லாத கையில். முழங்கையில் தூண்டினால் கட்டைவிரலுக்குப் போகும் வழியில் மணிக்கட்டை மடக்கும் தசையும் சேர்ந்து இழுக்கும். புதிதாக முறிந்த மணிக்கட்டை ஒவ்வொரு தடவையும் இழுத்து ஆட்டுவது சரியாக எனக்குப் படவில்லை. டெட்டனஸ் என்ற இடைவிடாத தூண்டல் கொடுத்தால் இன்னும் மோசம், 50 ஹெர்ட்ஸில் ஐந்து விநாடி கை அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கும். தவிர முறிந்த எலும்பு நரம்பை நசுக்கியிருக்கிறதா என்பதும் நமக்குத் தெரியாது. அடியும் முறிவும் இல்லாமல் வேறு காரணத்துக்காகக் கட்டுப் போட்ட கை என்றால் நீங்கள் சொன்னது நல்ல வழி. எலும்பு டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் சுண்டுவிரல் பக்கம் கட்டில் சின்ன ஜன்னல் வெட்டிக் கொடுப்பார்கள், நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முக்கூடல்காரி:

எல்லோரும் எங்கே ஒட்டுவது என்று பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். அடுத்த வாரம் நடக்கப்போவது மணிக்கட்டில் பிளேட். அதற்குத் தளர்வு மருந்து எதற்கு? அக்குள் வழியாகக் கைக்கு பிளாக் (நரம்பை மரக்க வைக்கும் ஊசி) கொடுத்தால் கை செத்தது மாதிரி கிடக்கும், எலும்பை இழுத்து நேராக்க அதுவே போதும். தொண்டையும் மூச்சும் அவரிடமே இருக்கும். போன தடவை அவர் பட்ட பாட்டைப் படித்துவிட்டு எனக்கு இதுதான் முதலில் தோன்றியது.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் என்றால் யோசித்துச் செய்யுங்கள். கழுத்துப் பக்கமாகவோ காறை எலும்புக்கு மேலாகவோ இரண்டு பக்கமும் போட்டால் உதரவிதான நரம்பு இரண்டும் மரத்துப் போகலாம், நுரையீரலில் ஊசி படும் பயமும் இரண்டு மடங்கு. அக்குள் வழி என்றால் அந்தப் பயம் இல்லை, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மருந்தின் மொத்த அளவு மீறக் கூடாது, நான் மரப்பு மருந்தான புபிவக்கேனைக் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டேன். என்னைக் கேட்டால் ஒரு கை இன்றைக்கு, மறு கை இரண்டு நாள் கழித்து. ஒரு கையாவது சும்மா இருந்தால் அவரே தண்ணீர் குடித்துக்கொள்வார், வீட்டம்மாவுக்கும் கொஞ்சம் சுமை குறையும்.

கடனாநதி:

முக்கூடல் மேடம் சொன்னது சரி. இந்த ஆளுக்கு பிளாக்தான். இருந்தாலும் கேள்வி பொதுவாக இங்கேயே நிற்கட்டும், நாளைக்கு வேறு யாருக்காவது இரண்டு கையும் வெந்து போய் வரலாம். சிவகாசி பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டாசில் வெந்தவர்களுக்குப் பெரும்பாலும் கையும் முகமும்தான் போகும். அப்போது மிச்சம் இருப்பது கால் மட்டுமே, அங்கே பிளாக் பேச்சுக்கே இடமில்லை. பெரிய தீக்காயத்தில் நாள் ஆக ஆகத் தளர்வு மருந்து வழக்கத்தைவிட அதிகம் கேட்கும், சக்ஸமெத்தோனியம் ஆகவே ஆகாது.

அப்புறம் ரிவர்சலை, அதாவது தளர்வை முறிக்கும் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தேரிமணல் தம்பிக்கு அன்றைக்கு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. நியோஸ்டிக்மினுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. தளர்வு ஆழமாக இருக்கும்போது எவ்வளவு போட்டாலும் தூக்கிவிடாது, முழு வேலை செய்யவும் பத்து நிமிஷம் போல எடுக்கும். கட்டைவிரலில் நாலும் வந்து, தேய்வு (முதல் துடிப்பைவிட நாலாவது சிறுத்திருப்பது) மட்டும் மிச்சம் இருக்கும்போது போட்டால்தான் அதற்கு மரியாதை. புருவத்தில் நாலு வந்ததைப் பார்த்துப் போட்டபோது கட்டைவிரலில் ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும்.

புருவம் தவிர வேறு வழியே இல்லாமல் ஒரு நாள் மாட்டிக்கொண்டால், புருவத்தில் நாலு தெரிந்தாலும் கட்டைவிரலில் ஒன்றுகூட வரவில்லை என்று வைத்துக்கொண்டே நான் கணக்குப் போடுவேன். வெக்குரோனியம், ரோக்குரோனியம் என்றால் அவற்றை முறிக்கும் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 4 மில்லிகிராம். கட்டைவிரலில் இரண்டு துடிப்பு வந்திருந்தால் கொடுக்கும் 2 மில்லிகிராம் இங்கே போதாது. விலை கை கடிக்கும், தெரியும். சுகமாடெக்ஸ் இல்லையென்றால் ட்யூபை விட்டு வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான், நேரம் ஆனாலும் சரி. அட்ராக்குரியம் என்ற தளர்வு மருந்துக்குச் சுகமாடெக்ஸ் வேலை செய்யாது, ஞாபகம் இருக்கட்டும்.

தலையை ஐந்து விநாடி தூக்கினார் என்பதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். விகிதம் 0.5, 0.6இலேயே தூக்கிவிடுகிறவர்கள் உண்டு.

தேரிமணல்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பாளையங்கால் மேடம் கேட்ட பிறகுதான் முதுகெலும்பு சிடியை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். இடுப்புப் பக்க முதுகெலும்பு ஒன்றில் சின்ன நசுங்கல் இருக்கிறது, தண்டுவடம் தப்பித்திருக்கிறது, கால் பலம் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. முதல் அறுவைக்கு முன்னால் நான் அதைப் பார்க்கவே இல்லை.

மணிக்கட்டு அறுவையை எலும்பு டாக்டரிடம் பேசி இரண்டாகப் பிரித்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை வலது கை, வெள்ளிக்கிழமை இடது கை, இரண்டும் அக்குள் வழி பிளாக். தளர்வு மருந்து ஒரு துளிகூட இல்லை. மயக்க மருந்து என்று காதில் விழுந்தாலே பயந்துகொண்டிருந்தவர், முதல் அறுவை பாதி தாண்டியதும் அண்ணன் மகன் கல்யாணத்தைப் பற்றி எங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். இடது கைக்கு அவரே, "அன்னிக்கிப் போட்ட அதே ஊசிதானே டாக்டரய்யா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

காலில் ஒட்டிப் பார்க்கும் வாய்ப்பு அதற்கடுத்த திங்கள்கிழமை வேறு ஒருவருக்கு வந்தது. லேப்ராஸ்கோப்பி, கை இரண்டையும் உடம்போடு சேர்த்துத் துணிக்குள் சொருகியாயிற்று, விரல் கண்ணுக்கே தெரியாது. உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒட்டினேன். முதலில் பாதமே அசைந்தது, பெருவிரல் மடங்கவில்லை. கறுப்பைக் கொஞ்சம் குதிகால் தசைநாண் பக்கம் நகர்த்தியதும் விரல் மட்டும் தனியாக மடங்கியது. மருந்துக்கு முன்னால் நாலும் சமம். அறுவை முடிந்து துணியை எடுத்ததும், ரிவர்சல் போடும் முன்னால், மூன்று இடத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். முகத்துக்குக் கரண்டை 25க்குக் குறைத்தேன். புருவத்தில் நாலு, பெருவிரலில் இரண்டு, கைக்கட்டைவிரலில் இரண்டு. பக்கத்தில் நின்ற தியேட்டர் சிஸ்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டைவிரலில் நாலும் வரும்வரை இன்னும் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நியோஸ்டிக்மின் போட்டேன். அதற்குப் பிறகும் பத்து நிமிஷத்துக்கு மேல் ட்யூபைத் தொடவில்லை.

அளவு காட்டும் கருவி ஒன்று வாங்கித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைகளைத் துணிக்குள் சொருகும் அறுவைகள் இங்கே அதிகம், விரல் அசைய இடம் இருக்காது. அதனால் அசைவை அளக்கும் வகையை விட்டுவிட்டுத் தசையின் மின்துடிப்பை அளக்கும் வகையைக் கேட்டிருக்கிறேன். அந்த வகையைக் காலில் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், எலெக்ட்ரோடு பட்டை உள்ளங்காலில் ஒழுங்காக ஒட்டி நிற்கிறதா என்று எழுதுங்கள். எங்கள் பக்கம் செருப்பில்லாமல் நடந்த கால்கள்தான் அதிகம் வருகின்றன.